கரியிலிருந்து மீண்டும் நெருப்பு: கல்பாக்கத்து ஈனுலை

2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கெடாவின் கோத்தா கோல மூடாவைச் சூறையாடிய ஆழிப்பேரலையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே நாளில் வங்கக் கடலின் மறுகரையில், சென்னைக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்திலும் அலை புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த அணுமின் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால், பக்கத்தில் புதிய உலை ஒன்றுக்காகத் தோண்டியிருந்த பெரும்பள்ளத்தைக் கடல்நீர் நிரப்பிவிட்டது. நீரை இறைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அப்படி என்ன அதிசய உலை அது?

மிஞ்சுவதெல்லாம் சாம்பலா?

லயத்து வீடுகளில் பால்மர விறகு எரித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சமையல் முடிந்ததும் கொள்ளிக்கட்டையில் தண்ணீர் தெளித்துக் கரியாக்கி வைப்பார்கள் நம் தாய்மார்கள். அடுப்பில் மிஞ்சுவதெல்லாம் சாம்பல் அல்லவே!

அணு உலையும் அப்படித்தான். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 0.7 விழுக்காடு மட்டுமே எளிதில் பிளந்து வெப்பம் தரும். மீதி பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதில் ஒரு சிறு பகுதி, நியூட்ரான் என்னும் நுண்துகளை விழுங்கிப் புளூட்டோனியமாக மாறும். புளூட்டோனியம் மீண்டும் எரியக்கூடியது. எரிந்த கோல்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இவ்விரண்டையும் பிரித்தெடுப்பதே மறுபதப்படுத்தல். இந்தியாவில் இவ்வேலை 1960களில் பம்பாய் டிராம்பேயில் தொடங்கியது; பின்னர் கல்பாக்கத்திலும் ஆலை அமைந்தது.

செலவைவிட வரவு அதிகம்

பிரித்த புளூட்டோனியத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் எரியாத யுரேனியத்தைப் போர்வைபோல் அடுக்கினால், நடுவில் எரியும்போதே போர்வையில் புதிய புளூட்டோனியம் விளைகிறது. செலவழித்ததைவிட அதிகமாக ஈனுவதால் இது ஈனுலை. கல்பாக்கத்தில் சிறிய சோதனை ஈனுலை 1985இல் இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் பெரிய உலையின் கட்டுமானம் 2004இல் ஆரம்பம். 2010இல் முடியும் என்றார்கள்; 2024 மார்ச்சில்தான் உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணியே தொடங்கியது.

இது எளிய கலை அன்று. இவ்வுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995இல் சோடியம் கசிந்தது. 2016இல் அதை மூட முடிவு செய்தார்கள். ரஷ்யாவின் பெலோயார்ஸ்க் ஈனுலையோ 1980 முதல் மின்சாரம் தந்து வந்திருக்கிறது.

இந்தியா ஏன் விடாப்பிடியாக நிற்கிறது? அங்கே யுரேனியம் குறைவு. கேரளம், கன்னியாகுமரிக் கடற்கரை மணலிலோ தோரியம் ஏராளம். அந்தத் தோரியத்தை எரிபொருளாக்கும் பாதைக்கு ஈனுலையே பாலம் என்று 1950களிலேயே வகுத்தவர் டாக்டர் ஹோமி பாபா.

அங்கே புதையல், இங்கே நஞ்சு

இதே தோரியத்தை நம் நாடும் அறியும். பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயக் கழிவு மணலிலிருந்து அருமண் தாதுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. ஒரு நாட்டில் நாளைய செல்வம், இன்னொரு நாட்டில் ஊரைக் கலக்கிய கழிவு. பொருள் ஒன்றே, அதை வைத்துக் காக்கும் விதத்தில்தான் வேறுபாடு.

ஈனுலை வந்தாலும் சாம்பல் இல்லாமல் போகாது. பிரித்தெடுத்தபின் எஞ்சும் கடுங்கதிர்வீச்சுத் திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கி இறுக வைத்துக் காவல் காக்க வேண்டும். புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். 1974இல் பொக்ரானில் இந்தியா வெடித்துச் சோதித்ததும் இப்படிப் பிரித்தெடுத்த புளூட்டோனியமே என்பதை மறக்கலாகாது.

ஆகவே பெற்றோர்களே, அணுமின்சாரத்தைப் பற்றி யார் புகழ்ந்து பேசினாலும், இகழ்ந்து பேசினாலும், "எவ்வளவு மின்சாரம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மிச்சத்தை எங்கே வைப்பீர்கள்? யார் காப்பார்கள்?" என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்க நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். அடுப்பு மூட்டுகிறவருக்குச் சாம்பல் அள்ளும் கடமையும் உண்டல்லவா?