தோல் முட்டையும் சுண்ணாம்புச் சத்தும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் லயத்து ஓரத்தில் நாலைந்து கோழி வளர்க்கும் சகோதரிகள் பலர். ஒழுங்காக இட்டுவந்த கோழி திடீரென ஓடில்லாத தோல் முட்டை இட்டால், கண்ணூறு என்று சொல்லி அதை அறுத்துவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் குறை தீனில்தான்.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. சுவரில் ஓடும் பல்லியைப் பாருங்கள். சிலவற்றின் கழுத்தின் இருபுறமும் வெண்மையாகப் புடைத்திருக்கும். அது முட்டைக்கென்று சேர்த்துவைத்த சுண்ணாம்பு! கோழிக்கு அந்தப் பை கிடையாது. எலும்புதான் அதன் கையிருப்பு. தீனில் கிடைக்காவிட்டால் எலும்பைக் கரைத்தே ஓடு கட்டும். பிறகு கால் தளர்ந்து படுத்துவிடும்.

சமையலில் மிஞ்சும் முட்டை ஓடுகளை அவித்து, காயவைத்து, நன்றாக நொறுக்குங்கள். முழுதாகப் போட்டால் தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். தீனில் கலக்காமல் தனிச் சிரட்டையில் வைத்தால் வேண்டிய அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும். கடையில் விற்கும் சிப்பித்தூளும் ஆகும். வளரும் குஞ்சுகளுக்கு மட்டும் வேண்டாம். மிதமிஞ்சிய சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சுண்ணாம்பு உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும். வெயில் பட்டால் கோழியின் உடம்பிலேயே அது உண்டாகும். மலைநாட்டுப் பனிமூட்டத்தில், கூட்டிலேயே அடைபட்ட கோழிக்கு அது எங்கே கிடைக்கும்? வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் திறந்துவிடுங்கள். அடைமழைக் காலத்தில் முட்டைக்கோழித் தீன் கொஞ்சம் வாங்கிக் கொடுக்கலாம். அதில் விற்றமின் கலந்தே வரும்.