தூளியை எப்போது அவிழ்ப்பது?

அந்தமான் தமிழ்க் குடும்பங்களில் குழந்தையின் படுக்கை மாறும் பருவம் சற்று யோசித்துக் கடக்க வேண்டியது.

உத்தரத்தில் ஒரு கொக்கி. அதில் தொங்கும் பழைய பருத்திப் புடவை. வங்கக் கடலைத் தாண்டிக் குடிபெயர்ந்த தமிழர்கள் அந்தமானுக்குக் கையோடு கொண்டுபோன வழக்கங்களில் தூளியும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும் இவர்களில் அடக்கம். அவர்களுக்குத் தூளி இன்னும் நெருக்கமானது. மலையகத்தில் தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற ‘பிள்ளைக் காம்பரா’வில் தூளிகள்தான் படுக்கை.

தூளி கட்டும் விதத்தைப் பாட்டிமார் சொல்லித் தருகிறார்கள். அவிழ்க்கும் நாளைத்தான் யாரும் குறித்துத் தருவதில்லை. “ஆட்டினால்தான் தூங்குவான்” என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வயதுக்குப் பிறகும் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தூளித் துணி இருபுறமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே புரளும் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டலாம். கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் அழுந்தலாம். முதல் ஓராண்டுக்குச் சமமான, அமுங்காத படுக்கையில், தலையணை இல்லாமல் மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். உட்காரவும் எழுந்து நிற்கவும் கற்ற குழந்தையோ எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழும். விளையாட்டாக ஏறிச் சுற்றிய சிறுவர் சிறுமியரின் கழுத்தைத் தூளிப் புடவை இறுக்கி உயிரைப் பறித்த செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றன.

கம்பித் தடுப்பு வைத்த மரத்தொட்டிலுக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தையின் உயரம் ஏறக்குறைய மூன்றடியைத் தொட்டாலோ, நிற்கும்போது தடுப்பு அதன் மார்பளவுக்கு வந்தாலோ, ஒரு முறை காலைத் தூக்கிப் போட்டு ஏற முயன்றாலோ தொட்டில் போதாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் நேர்கிறது.

தரையா, கட்டிலா?

தமிழ்நாட்டு வீடுகளில் அடுத்த படி பாய்தான். விழ உயரமில்லை, செலவுமில்லை. ஆனால் தீவில் தரைப் படுக்கைக்கு ஒரு தடை இருக்கிறது: பூரான். இந்தி பொதுமொழியாகிவிட்ட இங்கே அதற்குக் கான்கஜூரா என்று பெயர். மழைக்காலத்தில் ஈரம் தேடி வீட்டுக்குள் நுழையும் இந்தப் பெரிய பூரான் கடித்தால் பெரியவர்களே துடித்துப் போவார்கள். மே மாதம் தொடங்கும் மழை, இரு பருவக்காற்றுகளின் தயவில் டிசம்பர் வரை நீள்வதால் இது சில நாள் தொல்லையல்ல. மலேரியா, டெங்கு கொசுக்கள் வேறு.

உயரமான படாக் மரக் கட்டிலில் குழந்தையைத் தனியாக விடவும் முடியாது. நடுவழி, ஓரடிக்கு மேற்படாத தாழ்ந்த கட்டில். சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, விளிம்புகளை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி கொசுவலை கட்டினால் கொசுவுக்கும் பூரானுக்கும் ஒருசேரத் தடை. இருபுறமும் மடித்த ஜமக்காளம் விரித்தால் உருண்டு விழுந்தாலும் அடிபடாது.

தீவுகள் நிலநடுக்க ஆபத்து மிக அதிகமுள்ள பகுதியில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று பூமி அதிர்ந்தது காலை ஆறரை மணிக்கு. அது ஞாயிற்றுக்கிழமை, பலர் படுக்கையில் இருந்த நேரம். அடுத்து வந்த சுனாமியில் கச்சால் தீவு கடுமையாகச் சிதைந்தது. குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே பரண் சாமான்கள் வேண்டாம். பக்கத்து பீரோவைச் சுவரோடு ஆணியடித்துப் பொருத்த வேண்டும். வாசலுக்குப் போகும் வழி இரவிலும் தடையில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் ஆட்டம், பிறகு இடம்

தூளியில் வளர்ந்த குழந்தைக்குப் பிரிய முடியாதது புடவையைவிட அந்த ஆட்டம்தான். இரண்டையும் ஒரே இரவில் பறித்தால் வீடே விழித்திருக்கும். ஆட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறைத்து, கண் செருகும்போது நிறுத்திப் பழக்கலாம். பிறகு பகல் தூக்கத்தை மட்டும் புதிய படுக்கைக்கு மாற்றலாம். அதே தூளிப் புடவையை மெத்தை மேல் இறுக்கி விரித்தால் பழகிய வாசனை கூடவே வரும். தாலாட்டும் தொடரட்டும். எழுந்து வந்தால் அதிகம் பேசாமல், திட்டாமல், மீண்டும் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். சில வாரங்கள் பிடிக்கலாம்.

புதுத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்றால் இரண்டு மாதம் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பிரசவத்தன்று இடத்தைப் பிடுங்கினால் கோபம் புதுக் குழந்தை மேல்தான் திரும்பும். தாய்ப்பால் நிறுத்தும் வாரமும் இதற்கு ஏற்றதல்ல.

தீவின் சூரியனும் கணக்கில் வரும். நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் இங்கே ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். ஓரிரு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. அடர்ந்த திரைச்சீலையும் இரவு ஏழு, ஏழரை மணிக்கே படுக்கையும் அதை ஈடுகட்டும்.

குழந்தை புதிய படுக்கையில் அயர்ந்து தூங்கத் தொடங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. கொக்கியிலிருந்து கயிற்றையும் துணியையும் கழற்றி, பெரிய பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்க வேண்டும். யாரும் தூங்காத தூளிதான் ஊஞ்சலாக மாறுகிறது.