பெயரில்தான் ‘ஆயில்’... உங்கள் காரின் பிரேக் ஆயிலில் கலப்படமா? கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலையானால் போதும், அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் கார்கள் வரிசை கட்டி நுழையும். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என ஊர் திரும்பும் நேரம் அது. ஓசூர் வரும்வரை நெரிசலில் கிளட்ச்சுக்கு ஓயாத வேலை. அதன்பிறகு பிரேக்குக்கு வேலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கிருஷ்ணகிரியோ சுமார் 500 மீட்டர்தான். இன்னும் தெற்கே போனால் தொப்பூர் கணவாய் இறக்கம் காத்திருக்கிறது.

இந்த இரண்டு பெடல்களையும் பல கார்களில் ஒரே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாதான் காப்பாற்றுகிறது. பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே தெரியும். அதில் இருப்பதைத்தான் நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். சிக்கலே அந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது.

ஆயிலே இல்லாத ஆயில்

ஆரம்ப கால ஹைட்ராலிக் பிரேக்குகளில் ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து ஊற்றினார்கள். இன்று நம் கார்களில் இருப்பது கிளைகால் வகை ரசாயன திரவம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 என டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். இது இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய வகை அல்ல. ஆனால் ‘ஆயில்தானே’ என்று யாராவது கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டால் விபரீதம்தான்.

காரணம், உள்ளே இருக்கும் ரப்பர். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர், கிளட்ச் சிலிண்டர் என எல்லா இடத்திலும் ரப்பர் வாஷர்கள், சீல்கள் இருக்கின்றன. அவை கிளைகால் திரவத்துக்கு ஏற்றவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும்.

உப்பினால் என்ன ஆகும்?

பெடலிலிருந்து காலை எடுத்ததும், திரவம் ஒரு சின்னத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். உப்பிய ரப்பர் அந்தத் துளையை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் காலை எடுத்தாலும் பிரேக் விடாது. உரசலில் சக்கரம் சூடாகும். சூட்டில் திரவம் விரியும். பிரேக் இன்னும் இறுகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* கிளம்பும்போது சரியாக இருக்கும் கார், சில கிலோமீட்டருக்குப் பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஓடுவது.
* பிரேக் பெடல் போகப் போகக் கல் மாதிரி இறுகுவது.
* சக்கரத்தின் அருகே அனல், கருகிய வாசனை. (தொட்டுப் பார்க்க வேண்டாம். கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.)
* கிளட்ச் பெடல் மேலே வராமல் தங்குவது, அல்லது இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாமல் கிளட்ச் வழுக்குவது.

பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால், சந்தேகம் முதலில் அந்த டப்பா மேல்தான் வர வேண்டும். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் இந்தத் தொடர்பு கிடையாது.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

முதலில் டப்பாவின் மூடியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். மூடிக்கு அடியில் ரப்பர் இருந்தால் அதைப் பாருங்கள். உப்பி, நெளிந்து, திரும்ப உட்கார மறுக்கிறதா? எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, புது சிரிஞ்சால் கொஞ்சம் திரவத்தை எடுத்து, தூக்கிப் போடக்கூடிய டம்ளரில் இருக்கும் தண்ணீரில் விடுங்கள். கிளைகால் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய் இருந்தால், ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோலத் தனியாக மிதக்கும். ஒரு எச்சரிக்கை: இந்தத் திரவம் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கார் பெயின்டில் பட்டாலும் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இதே சோதனையை மெக்கானிக் இன்னொரு விதமாக உறுதி செய்வார். இறுகிய சக்கரத்தின் பிளீடர் திருகைத் தளர்த்தும்போது, திரவம் பீய்ச்சி வந்து சக்கரம் லேசாகிவிட்டால், அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் சக்கரம் விடவில்லை என்றால், காலிப்பரோ வேறு பாகமோ சிக்கியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கலப்படம்

எண்ணெயை யாராவது ஊற்ற வேண்டும். தண்ணீரை யாரும் ஊற்ற வேண்டியதில்லை. கிளைகால் திரவம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. சுமார் 3.7 சதவிகித நீர் சேர்ந்த நிலையில் இந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140.

நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது, திரவத்தில் உள்ள நீர் ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், கார் நிற்காது. நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஈரம் அளக்கும் சோதனைக் கருவி பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பல கார்களுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள்; உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் உள்ள பைக்குகளுக்கும் இதே கதைதான்.

கலந்துவிட்டால்?

டப்பாவை மட்டும் காலி செய்து புதிதாக ஊற்றினால் போதாது. உப்பிய ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பாது. குழாய்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் போன இடத்திலுள்ள சீல்கள், ஹோஸ்கள், கிளட்ச் சிலிண்டர் பாகங்கள் வரை மாற்ற வேண்டியிருக்கும். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் எண்ணெய் போயிருந்தால் செலவு இன்னும் எகிறும். அதனால் தவறான ஆயில் ஊற்றியது உடனே தெரிந்தால், பெடலை மிதிக்காதீர்கள், வண்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் டப்பாவைத் தாண்டாமல் இருக்க அதுதான் ஒரே வழி.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முந்தைய ஓனர் எதை ஊற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அளவு குறைந்திருந்தாலும் அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். பிரேக் பேடு தேயத் தேய அளவு மெதுவாகக் குறைவது இயல்பு. திடீரெனக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையா? பதறாமல் பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். படிப்படியாகக் குறைந்த கியருக்கு வாருங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டுங்கள். பிரேக் ஆறியதும் பெடல் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். நம்பி மீண்டும் இறங்க வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்!