காமிராவுக்குள் தில்லிப் புழுதி

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லியில் 'ஆந்தி' என்னும் புழுதிக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. கரோல்பாக் ஆனாலும் மயூர் விஹார் ஆனாலும், காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் கோலம் போடலாம். அதே புழுதி நம் காமிராவுக்குள்ளும் குடியேறுகிறது என்பதை, என் மாமனாரின் சதாபிஷேகத்தின்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று வெயிலில், தோட்டத்தில் எடுத்த படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் நிறத் திட்டுகள். ஒரு படத்தில் வானத்தில், இன்னொன்றில் மாமனாரின் வெள்ளை வேட்டியில். படம் எடுத்தவன் நானே என்பதால் பழி சொல்ல வேறு ஆளும் இல்லை. "சென்ஸார் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார் நண்பர் ஒருவர். நானோ காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டேன். இரண்டு திட்டுகள் ஒரு நீண்ட தீற்றலாயின! கடைசியில் விவரம் அறிந்த ஒருவர் முறைப்படி சுத்தம் செய்து தந்தார். காமிராவில் கோளாறே இல்லை, வெறும் தூசிதான்.

ஆகவே நேயர்களே, படத்தில் புள்ளி தெரிந்தால் முதலில் அது தூசியா, பழுதான பிக்ஸலா என்று பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பழைய காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் நகர்ந்துவிடும். தூசியும் அதோடு போய்விடும். டிஜிட்டல் காமிராவில் சென்ஸார் அசைவதில்லை. அதன் முன்னே உள்ள மெல்லிய கண்ணாடியில் விழுந்த தூசி, அடுத்த ஆயிரம் படங்களிலும் தன் நிழலைப் பதிக்கும். 24 மெகாபிக்ஸல் காமிராவில், தபால்தலை அளவு இடத்தில் 2.4 கோடி பிக்ஸல்கள். நம் தலைமுடியின் தடிமனுக்குள்ளேயே பத்துக்கு மேல் அடங்கும். ஒரு துளி மண் போதாதா?

சோதனை எளிது. அபர்ச்சரை எஃப்/16 அல்லது எஃப்/22 என்று சிறிதாக்கி, மேகமற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் படம் எடுங்கள். ஓரம் மங்கிய கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசி. அபர்ச்சரைப் பெரிதாக்கினால் அவை மறையும். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே உள்ள புள்ளி சென்ஸாரில் கீழே இருக்கும். வ்யூஃபைண்டரில் மட்டும் தெரிந்து படத்தில் வராத தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தூசியை நீக்க, பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் வசதியைப் போட்டு, காமிராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் காற்றடிக்கலாம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் ஆகாது. அதற்கும் போகாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. 2003-இல் ஒலிம்பஸ் இ-1 காமிராவில், அதிர்வினால் தூசியை உதறும் அமைப்பு வந்தது. இப்போது பல காமிராக்களில் உண்டு. ஆனால் ஒட்டிக்கொண்ட அழுக்கு அதற்கு மசியாது.

இனி பழுதான பிக்ஸல். லென்ஸை மூடி, இருட்டில் சில வினாடிகள் நீளும் ஒரு படம் எடுங்கள். ஊசிமுனை போல சிவப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளிகள் மின்னினால், அவை ஒளி படாமலே ஒளிர்பவை. சூடு ஏற ஏற அவை பெருகும். தில்லிக் கோடையில் சற்று அதிகமாகவே தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. சில காமிராக்களின் மெனுவில் 'பிக்ஸல் மேப்பிங்' உண்டு. பழுதான பிக்ஸலை ஒதுக்கி, அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடும்.

வானியல் அறிஞர்களுக்கும் இதே தொல்லைதான். நம் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கி உள்ளது. அதுபோன்ற கருவிகளில் எடுக்கும் படங்களைத் திருத்த, சீரான ஒளியுள்ள அந்தி வானத்தைப் படம் எடுத்துத் தூசியின் நிழலைக் கணக்கிடுவதும், ஷட்டரை மூடி எடுத்த படத்தைக் கழித்துச் சூட்டுப் புள்ளிகளை நீக்குவதும் வானியலில் வழக்கம். நாம் செய்யும் சோதனையும் அதன் குட்டி வடிவமே!

வருமுன் காப்பதும் கடினமல்ல. மின்விசிறியை நிறுத்தி, காமிராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து லென்ஸ் மாற்றுங்கள். ஆந்தி வீசும்போது மாற்றவே வேண்டாம். விசேஷத்துக்கு முதல்நாளே வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பாருங்கள்.

மாமனாரின் படங்களைத் தூக்கி எறியவில்லை. புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால், கம்ப்யூட்டரில் ஒரு படத்தில் செய்த திருத்தத்தையே மற்றவற்றுக்கும் போட்டு, தேவையான இடத்தில் மட்டும் கைவைத்தான் என் மகன். ஊரிலிருந்து வர இயலாத உறவினர்களுக்கு அவற்றையே அனுப்பினோம். அந்த வேட்டி இப்போது பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கிறது.