ஸ்கூபா மூழ்கல்: சான்றிதழையும் பயிற்சி மையத்தையும் தேர்ந்தெடுத்தல்

ஸ்கூபா மூழ்கல் என்பது, சுவாசிப்பதற்கான காற்றை உருளையில் அடைத்து, மூழ்குபவர் தம்முடனேயே சுமந்து சென்று நீருக்கடியில் நீந்தும் முறையாகும். 1943 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய ‘அக்வா லங்’ கருவி இம்முறையைப் பரவலாக்கியது. இன்று அந்தமானின் சுவராஜ் துவீப் (முன்பு ஹேவ்லாக் தீவு), புதுச்சேரி, இலங்கையின் திருகோணமலை போன்ற இடங்களில் இதற்கான பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. புதிதாகக் கற்க விரும்புவோர் பலர் முதலில் கேட்பது, எந்த அமைப்பின் சான்றிதழ் சிறந்தது என்பதே. ஆனால் ஒருவரின் பாதுகாப்பு, அட்டையில் உள்ள அமைப்பின் பெயரைவிடக் கற்பிக்கும் பயிற்றுநரையும் மையத்தின் நடைமுறைகளையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

பயிற்சி ஏன் தேவை?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி, அழுத்தம் குறையும்போது வளிமத்தின் கனஅளவு பெருகும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரிய முயலும். இதனால் நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பதே ஸ்கூபாவின் முதல் பாடமாகும்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. நீண்ட நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அது குமிழ்களாக வெளிப்பட்டு மூட்டு வலி முதல் பக்கவாதம் வரையான பாதிப்புகளை உண்டாக்கலாம். இது அழுத்தக்குறைவு நோய் எனப்படும். இந்த இரு ஆபத்துகளும் பயிற்சியால் பெருமளவு தவிர்க்கக்கூடியவை.

சான்றளிக்கும் அமைப்புகள்

உலக அளவில் பல அமைப்புகள் சான்றிதழ் வழங்குகின்றன. கூஸ்தோவை முதல் தலைவராகக் கொண்ட உலக நீரடிச் செயற்பாடுகள் கூட்டமைப்பு (சி.எம்.ஏ.எஸ்.) 1959 இலும், பி.ஏ.டி.ஐ. 1966 இலும், எஸ்.எஸ்.ஐ. 1970 இலும் தோன்றின. தனித்து மூழ்கும் தகுதி பெற என்னென்ன கற்பிக்கப்பட வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. பெரிய அமைப்புகளின் தொடக்கநிலைப் பயிற்சிகள் இத்தரத்தை ஒட்டியே அமைந்துள்ளன. எனவே ஓர் அமைப்பின் அட்டையைக் கொண்டு மற்றோர் அமைப்பைச் சார்ந்த மையத்திலும் பொதுவாக மூழ்கலாம்.

தொடக்கநிலைப் பயிற்சி

‘ஓப்பன் வாட்டர்’ எனப்படும் தொடக்கநிலைப் பயிற்சியில் பாடம், நீச்சல்குளம் போன்ற அமைதியான நீரில் பழக்கம், திறந்த கடலில் மூழ்கல் ஆகிய மூன்று பகுதிகள் உண்டு. பி.ஏ.டி.ஐ. முறையில்:

• குறைந்தபட்ச வயது 10. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு இளையோர் சான்றிதழ் வழங்கப்படும்.
• 200 மீட்டர் நீந்த வேண்டும். அல்லது முகமூடி, மூச்சுக்குழல், துடுப்புக் காலணிகளுடன் 300 மீட்டர் நீந்த வேண்டும். மேலும் 10 நிமிடங்கள் மிதக்க வேண்டும்.
• திறந்த நீரில் நான்கு முறை மூழ்க வேண்டும். ஒரே நாளில் மூன்று பயிற்சி மூழ்கல்களுக்கு மேல் கூடாது.
• சான்றிதழ் பெற்ற பெரியவர் 18 மீட்டர் ஆழம் வரை துணையுடன் மூழ்கலாம்.

ஒரே நாளில் இந்தச் சான்றிதழைத் தருவதாகக் கூறும் மையம் விதியை மீறுகிறது என்பது மேற்கண்ட மூன்றாம் விதியிலிருந்தே தெளிவாகும். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் சொந்த ஊரில் முடித்து, கடல் மூழ்கலை மட்டும் வேறிடத்தில் முடிக்கவும் வழி உண்டு.

சுற்றுலா இடங்களில் நீச்சல் தெரியாதவரையும் அழைத்துச் செல்லும் அரை நாள் மூழ்கல், அறிமுக அனுபவம் மட்டுமே. அதற்குப் பிறகு வழங்கப்படும் தாளோ ஒளிப்படமோ மூழ்கல் தகுதி ஆகாது.

அட்டைக்கும் எல்லை உண்டு. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு மூழ்கலின் உச்ச எல்லையே 40 மீட்டர். தொடக்கநிலை அட்டை பெற்றவரை அத்தகைய இடத்துக்கு அழைக்கும் மையத்தைத் தவிர்க்க வேண்டும்.

மையத்தை மதிப்பிடுதல்

பணம் கட்டும் முன் மையத்தை நேரில் பார்த்து, கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. பயிற்றுநர்: கற்பிக்கப்போகும் பயிற்றுநர் யார், அவருடைய தகுதி நடப்பில் உள்ளதா என்பதை அவருடைய உறுப்பினர் எண்ணைக் கொண்டு அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நன்கு புரியும் மொழியில் அவரால் விளக்க முடியுமா என்பதும் முக்கியம்.

2. மாணவர் எண்ணிக்கை: உதவியாளர் இல்லாத நிலையில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் என்பது உச்ச வரம்பு. நான்கு பேருக்குக் குறைவான குழுவே புதியவருக்கு நல்லது. கடலில் பார்வைத் தெளிவு குறைந்தால் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

3. உடல்நலப் படிவம்: ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது நோய் ஆகியவை பற்றிய கேள்விப் படிவத்தை மையம் தர வேண்டும். ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படலாம். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என எழுதச் சொல்லும் மையத்தில் சேரக்கூடாது.

4. கருவிகள்: ரெகுலேட்டர், மிதவை அங்கி ஆகியவற்றின் பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். உருளையில் அழுத்தச் சோதனை நாள் பொறிக்கப்பட்டிருக்கும். காற்றில் எண்ணெய் வாடை வந்தால் பயன்படுத்தக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை என்பதால், காற்று அழுத்தும் இயந்திரம் புகை படாத இடத்திலிருந்து காற்றை இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

5. அவசர ஏற்பாடு: படகில் ஆக்சிஜன் உருளையும் முதலுதவிப் பெட்டியும் தொடர்புக் கருவியும் இருக்க வேண்டும். அழுத்தக்குறைவு நோய்க்கான மறுஅழுத்த அறை எங்குள்ளது, அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்குத் தயக்கமின்றி விடை வர வேண்டும்.

6. கட்டணம்: பாடநூல், கருவி வாடகை, படகு, சான்றிதழ்க் கட்டணம் ஆகியவை அடங்கியுள்ளனவா என எழுத்தில் பெற வேண்டும். மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் பெரிய குழுவோ குறைந்த நேரமோ இருக்கலாம்.

ஒரு கேள்வி இவை அனைத்தையும்விடப் பயன் தரக்கூடியது: “கடல் சரியில்லாவிட்டாலும், எனக்குப் பயமாக இருந்தாலும் என்ன செய்வீர்கள்?” மூழ்கலை ஒத்திவைப்போம், பணம் பற்றிப் பிறகு பேசலாம் என்பதே நல்ல மையத்தின் விடை. எந்தக் கட்டத்திலும் மூழ்க மறுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பயணத் திட்டம்

மூழ்கிய உடனே விமானத்தில் ஏறினால், அங்குள்ள குறைந்த அழுத்தத்தால் அழுத்தக்குறைவு நோய் வரலாம். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அந்தமானுக்கு விமானத்தில் செல்வோர் கடைசி நாளைக் கரையிலேயே கழிக்கும்படி திட்டமிடுவது நல்லது. சாதாரணப் பயணக் காப்பீடு மூழ்கல் விபத்துகளை உள்ளடக்காமல் இருக்கலாம் என்பதால் அதையும் முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆனால் பழக்கம் மறந்துபோகும். நீண்ட இடைவெளிக்குப் பின் கடலுக்குத் திரும்புவோர் முதலில் ஒரு மீள்பயிற்சியை முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.