கூரை வேய்ந்த பாலங்கள்

பாலத்திற்குக் கூரை எதற்கு? ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மொன்ற் மாநிலத்திலே, ஒக்டோபர் மாதத்தில் மோட்டார் வழிப் பயணஞ் செய்தபோது நம் உள்ளத்தில் முதலில் எழுந்த வினா இதுவேயாகும்.

மலைச் சரிவெங்கும் மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு நின்றன. இலைகள் உதிருமுன் சில வாரங்களே நிலைக்கும் இக்காட்சியைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வருகின்றனர். ஆயினும், ஆறுகளின்மேல் நெற்களஞ்சியம் போல நின்ற மரப்பாலங்களே நம் கண்ணைப் பெரிதும் கவர்ந்தன. இத்தகையன ஏறத்தாழ நூறு இச்சிறு மாநிலத்தில் உள.

கூரை வழிப்போக்கருக்காக அன்று, பாலத்துக்காகவே. பாரத்தைத் தாங்குவன இருமருங்கும் உள்ள மரச்சட்டங்கள். மழையும் பனியும் ஓயாது பட்டால் அவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உக்கிப்போகும். கூரையும் பலகைச் சுவரும் இட்டுக் காத்தாலோ நூறாண்டு கடந்தும் நிற்கும். நம் நாட்டிலே பதுளைக்கு அண்மையிலுள்ள போகொட மரப்பாலத்துக்கு ஓடு வேய்ந்திருப்பதன் பயனும் இதுவே. வெர்மொன்றில் வேறொரு வேடிக்கையும் நிகழ்ந்ததுண்டு. மாரியிற் சறுக்கு வண்டிகள் வழுக்கிச் செல்லவேண்டுமென்று, கூரையால் தடுத்த பனியையே அள்ளிவந்து பாலத்தினுள் பரப்பினார்களாம்!

இப்பாலங்கள் பலவற்றின் அமைப்பை வகுத்தவர் இத்தியேல் டவுண் என்னும் கட்டடக் கலைஞர். 1820 இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெருமரங்கள் வேண்டா, பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து, வலைபோலப் பின்னி, மர ஆணிகளால் இறுக்கினாற் போதும். ஊர்த் தச்சர் செய்யக்கூடிய வேலை. விண்ட்சர் நகரையும் அயல் மாநிலத்துக் கோர்ணிஷ் ஊரையும் இணைக்கும் 449 அடி நீளப் பாலம் 1866 இல் எழுந்தது. அவ்விடத்தில் அதற்கு முன்னிருந்த பாலங்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. குதிரையை நடத்திச் செல்லாதவர்க்கு இரண்டு டொலர் தண்டம் என்னும் அறிவித்தல் அதன் வாயிலில் இன்றும் உள்ளது.

பார்ட்டன்ஸ்வில் பாலத்தின் கதை வேறு. வெள்ளத்தால் வில்லியம்ஸ் ஆறு போக்கு மாறியபின் 1870 இல் கட்டப்பட்ட அது, 2011 ஓகஸ்ட் 28 இல், ஐரீன் புயலின் வெள்ளத்தில், ஊரார் கரையில் நின்று பார்த்திருக்க அடித்துச் செல்லப்பட்டது. கொங்கிறீற்றுப் பாலம் அமைத்திருக்கலாம். அவர்களோ பழைய வலைப்பின்னல் முறையிலேயே மரத்தாற் கட்டி 2013 இல் திறந்தனர். மரத்தின் புதுமையைக் கண்டு, இது பழம்பொருளன்று என முகஞ்சுளிப்பாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பலகை உக்கினால் மாற்றுவதும் கூரை ஒழுகினால் வேய்வதும் இப்பாலங்களுக்கு என்றும் உள்ள வழக்கமே. தொன்மை பலகையிலா, பின்னும் முறையிலா?

ஒரு வேளையில் ஒரு வண்டியே அதனுட் செல்லலாம். நாம் கடக்கும்வரை, எதிரே வந்தவர் செவ்விலைகள் மிதந்து செல்லும் ஆற்றைப் பார்த்தபடி அக்கரையில் காத்து நின்றார்.