முழங்காலைக் காக்கும் இடுப்பு

சான் ரமோனில் நவம்பர் வந்தால் பள்ளிக் கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிடும். நம் வீட்டுப் பெண்களும் ஆர்வத்துடன் ஆடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆடிப் புகழ்பெற்ற கேமரன் பிரிங்க், 2024 ஜூனில் இடது முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். மீண்டும் களம் இறங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இந்த நார், பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. குதித்து இறங்கும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறது. முழங்கால் உள்நோக்கி மடங்குகிறது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். 277 கல்லூரி விளையாட்டாளர்களைப் பின்தொடர்ந்த யேல் ஆய்வு ஒன்று (2007), நடுவுடலைச் சட்டென்று நிலைநிறுத்த முடியாத பெண்களுக்கே முழங்கால் காயம் கூடுதலாக வருவதைக் காட்டியது.

ஆகவே வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் வலுப்பெற வேண்டும். 'சிட் அப்' மட்டும் போதாது. பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று நாள், 20 நிமிடம் செய்யலாம். குதித்து மெத்தென்று இறங்கவும் பழக வேண்டும். முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். (தோப்புக்கரணமும் கிட்டத்தட்ட இதே வகைதான். பாட்டி சொன்னால் கேட்காதவள் கோச் சொன்னால் கேட்பாள்!) கலிஃபோர்னியாவில் சாக்கர் ஆடும் பதின்வயதுப் பெண்களுக்கு இத்தகைய பயிற்சி தந்தபோது, முதலாண்டிலேயே ஏ.சி.எல். காயங்கள் 88 சதவீதம் குறைந்ததாக 2005ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆட்டத்தில் முழங்கால் 'டப்' என்று ஒலித்து, சில மணி நேரத்தில் வீங்கினால், தைலம் தேய்த்து மறுநாள் ஆட அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.